மனைக்கு உரியவர் யார்?

ஆறாம் வேற்றுமையைக் கற்பிக்குங்கால், அதன் கிழமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் பகுத்துக் காட்டுதல் தமிழாசிரியர் வழக்கம். சாத்தனது கை என்பது தற்கிழமை. சாத்தனது வீடு என்பது பிறிதின்கிழமை. மாணவரும் இதனை ஐயமின்றி எழுதி மதிப்பெண் பெறுவர். ஆயின், சாத்தனது வீட்டு மண்ணில் வேறொருவன் நஞ்சைப் படியவிட்டான் எனில், அந்த நஞ்சு யாருடையது? இலக்கணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட இவ்வினாவிற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 20 அன்று ஒரு விடை கூறிற்று. அவ்விடையின் ஒரு பாதி எனக்கு உடன்பாடு. மறு பாதி அன்று.

மாண்டானா மாநிலத்தில், பியூட் என்னும் சுரங்க நகருக்கு மேற்கே 26 மைல் தொலைவில் அனகோண்டா செம்பு உருக்காலை இயங்கி வந்தது. அதன் புகைபோக்கி 585 அடி உயரமுடையது. நாட்டு மருத்துவர் வெள்ளைப் பாடாணம் என்றறிந்த நஞ்சிற்கு மூலமாகிய ஆர்சனிக்கும், ஈயமும் அப்புகையோடு கலந்து சுமார் 300 சதுர மைல் பரப்பில் படிந்தன. 1977-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு நிறுவனம் அவ்வாலையை வாங்கியது. 1980-இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் 'சூப்பர்ஃபண்ட்' என வழங்கும் சட்டம் பிறந்தது. 1983-இல் அவ்விடம் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் திட்டப்படி அந்நிறுவனம் சுமார் 45 கோடி டாலர் செலவிட்டு, 800-க்கும் மேற்பட்ட மனைகளைத் தூய்மை செய்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

எனினும் அங்கு வாழ்ந்தோர்க்கு அமைதி ஏற்படவில்லை. வீட்டு மண்ணில் பத்து இலட்சம் பங்கிற்கு 250 பங்கு ஆர்சனிக் இருக்கலாம் என்பது முகமை வகுத்த அளவு. 15 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்றனர் மனையுடையோர். ஓர் அடி ஆழம் தோண்டினால் போதும் என்றது முகமை. இரண்டடி வேண்டும் என்றனர் இவர்கள். நிலத்தடி நீரை வடிகட்ட 8,000 அடி நீளமும் 15 அடி ஆழமும் 3 அடி அகலமும் உடைய தடுப்பையும் கோரினர். இவற்றிற்கு 5 முதல் 5.8 கோடி டாலர் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. 2008-இல் 98 பேர் தம் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். மாநில உயர்மன்றம் 2017-இல் அவர்கள் பக்கம் நின்றது. நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

அங்கே வழக்கின் போக்கை நிர்ணயித்தது 'உரிமையாளர்' என்னும் ஒற்றைச் சொல். மாநில நீதிமன்றம் வழக்கை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒப்பியது. அடுத்த படியில்தான் இடர். நஞ்சு வந்து தங்கிய இடம் எதுவாயினும் அது சட்டப்படி ஒரு நச்சுத்தலம். அத்தலத்தின் உரிமையாளர் பொறுப்பேற்கத் தக்கவருள் ஒருவர். அத்தகையவர் முகமையின் ஒப்புதலின்றித் தூய்மைப் பணி எதனையும் மேற்கொள்ளலாகாது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய இப்பகுதியை எழுவர் ஏற்றனர். கோர்சச், தாமஸ் இருவரும் மறுத்தனர். நட்டஈடு கேட்டு இவர்கள்மேல் வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்துவிட்டது. ஆயினும் அப்பெயர் மட்டும் நீங்கவில்லை. தன் வீட்டு முற்றத்து மண்ணை அகற்ற விரும்பியவர், அதனைக் கெடுத்தவரோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்!

தீர்ப்பில் நியாயமே இல்லை என்று நான் கூறவில்லை. ஒருவர் தம் மனையைத் தோண்ட, அந்த நஞ்சு காற்றிலோ நீரிலோ அடுத்தவர் மனைக்குப் பெயருமாயின், ஒருவர் உரிமை மற்றொருவர் உரிமையை விழுங்கும். 98 மனைகளில் 98 விதமாகத் தோண்டுதல் தூய்மையாகாது. எனவே மேற்பார்வை ஒன்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. மாசு பலரும் அறிந்த பின்னரே பலர் அங்கு மனை வாங்கினர் என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும் மேற்பார்வைக்கு உட்படுத்துதல் வேறு. பொறுப்பாளி என்று பெயரிடுதல் வேறு. முன்னதற்குப் பின்னது எவ்வாற்றானும் இன்றியமையாததன்று. அயலாருக்குத் தீங்கு நேராது என்று காட்டுவோர் அரசு அளவைவிடக் கூடுதலாகத் தூய்மை செய்துகொள்ளலாம் என்றும், முகமை குறித்த நாளுக்குள் காரணம் காட்டி விடையிறுக்க வேண்டும் என்றும் சட்டம் கூறியிருக்கலாம். அரசு வகுக்கும் அளவு, 'இதற்குக் கீழ் இறங்காதே' என்று நிறுவனத்தை நோக்கிச் சொல்வதற்குரியது. 'இதற்கு மேல் கேளாதே' என்று குடியிருப்போரை நோக்கிச் சொல்வதற்கு அன்று. 250 பங்கு ஏற்கத்தக்கதா என்று ஆய்ந்தறிய வேண்டியவர் அறிவியலார். அதனை நான் அறுதியிட்டுக் கூறேன். ஆனால் அம்மண்ணில் கீரை விதைத்துத் தன் பிள்ளைக்குச் சமைப்பவள், 15 பங்கே எனக்கு அமைதி தரும் என்றால், அதற்குரிய செலவைக் கெடுத்தவரிடமே கேட்கும் வாயிலை அடைத்துவிடலாகாது.

அத்தீர்ப்பின்படி, மனையுடையோர் முதலில் முகமையிடமே சென்று ஒப்புதல் கேட்க வேண்டும். அவர்கள் கோரிய நிலத்தடித் தடுப்போ, செலவு மிக்கது, தேவையற்றது என்று அந்த முகமையே முன்னர் மறுத்துவிட்ட ஒன்று.