பேராதனையும் பன்விலவும்

கல்லூரியொன்றின் விழா மலரிலே பல்கலைக்கழகத்தின் கடமையைப்பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். எம் மாணவர் பதின்மூன்று ஆண்டுகள் ஏறுகின்ற படிக்கட்டின் உச்சியிலே இருப்பது அது. அதன் வாயில் யாருக்கு, எவ்வாறு திறக்கப்படுகின்றது என்பது எமக்குப் புறம்பான செய்தியன்று.

1921இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1952இற் பேராதனையிற் குடிபுகுந்தது அந்நிறுவனம். முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் தலைமைத் திறத்தை மறுப்பாரிலர். விபுலானந்த அடிகள், கணபதிப்பிள்ளை, வித்தியானந்தன் என நீளும் பேராசிரியர் வரிசையினால் தமிழ் பெற்ற ஏற்றமும் பெரிது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. பேராதனை வளாகம் எழுந்த நிலம் முன்னர் தோட்டநிலமாயிருந்தது. அங்கே மண்டபங்கள் எழுந்துகொண்டிருந்த காலத்திலேதான், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால், தோட்டத் தொழிலாளர் நாடற்றோராய் நின்றனர். 1945இல் இலவசக் கல்வி வந்தபின்னும் தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை பிந்தியே எம் பிள்ளைகள் ஓட்டத்தைத் தொடங்கினர்.

இப்பின்னடைவைப் பல்கலைக்கழக அனுமதி முறை அறிந்துள்ளதா? ஓரளவு அறிந்துள்ளது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கியனவாகக் கொள்ளப்படுகின்றன. கண்டியோ அவ்வாறன்று. கண்டி நகரின் பெருங் கல்லூரிகளைக் கண்டோர் அதிற் குறைகாணார். ஆனால் நக்கிள்ஸ் மலையடியிலே, மடுல்கலையிலோ பன்விலவிலோ, லயத்து விளக்கின்கீழ்ப் பௌதிகவியல் படிக்கும் மாணவியும் அதே கண்டி மாவட்டத்தவளே. தனியார் வகுப்புகள் தெருத்தோறும் நடக்கும் நகரத்து மாணவனோடு அவள் ஒரே பட்டியலிற் போட்டியிடுகின்றாள். மாவட்ட எல்லைக்கு மறுபுறத்தில், நுவரெலியாவிற் பிறந்திருப்பாளாயின் அவளுக்கு ஒரு சலுகையுண்டு! எல்லைக்கோட்டை வரைந்தவர் கல்வியை எண்ணி வரைந்தவரல்லர்.

1970களிலே வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர்க்கு இழைத்த ஊறு நாம் மறக்கக்கூடியதன்று. ஆகவே ஒதுக்கீடு என்ற சொல்லையே வெறுப்போர் எம்மிடையே உளர். நாம் வேண்டுவது இன அளவுகோலன்று. மாவட்டத்தைக் காட்டிலும் நுண்ணிய அளவாக, கல்வி வலயத்தையோ கோட்டத்தையோ கொள்ளுக என்பதே. நகரத்தார் சிலர் பெயரளவில் இடம்மாறிப் பயன்கொள்வர் என்பது இதற்கெதிரான வலிய வாதம். முதலாம் வகுப்பு முதல் மாணவர் எங்கே பயின்றார் என்பதைக் கணக்கிற் கொண்டால் அப்புரட்டுக்குப் பெரிதும் இடமிராது.

அனுமதி விதிகளை வகுப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே, உபவேந்தர்கள் அல்லர் எனலாம். மெய்தான். எனினும் உபவேந்தர்களின் சொல்லுக்கு உள்ள கனம் எமது சொல்லுக்கு இல்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துப் பல்கலைக்கழகத் தலைவர் வான் ஹைஸ், 1904ஆம் ஆண்டளவிலேயே, தம் நிறுவனத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் எட்டவேண்டுமென வற்புறுத்தினார். அங்கே விரிவுரையாளர் உழவர் ஊர்களை நாடிச் சென்றனர். பேராதனையிலும் விவசாயம், மருத்துவம், பொறியியல் யாவும் உள. பன்விலவோ அதே மாவட்டத்தில் உள்ளது.

விதி மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உயர்தர விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் தமிழ்மொழி ஆசிரியர் கிடைப்பதரிது என்பதை இம்மலரை வாசிக்கும் ஆசிரிய அன்பர் நன்கறிவர். பேராதனையிற் பயிலும் தமிழ் மாணவர் மாதத்திற் சில சனிக்கிழமைகள் இங்கு வந்து கற்பிக்க அப்பல்கலைக்கழகம் ஒழுங்கு செய்யலாம். இதனைக் கோரும் விண்ணப்பம் பழைய மாணவர் சங்கத்தின் பெயரால், இவ்விழா ஆண்டிலேயே, அங்கு பயின்ற எம் பழைய மாணவர்களின் கையொப்பத்துடன் செல்லவேண்டும். வருவோர்க்குப் பஸ் கட்டணத்தைச் சங்கம் ஏற்குமாயின், மதிய உணவை ஆசிரியராகிய நாம் பார்த்துக்கொள்வோம்.