சிங்கப்பூரில் ஒரு பழஞ்சூளை

பல்லாண்டுகளுக்கு முன் பார்த்த மாநகரம் ஒன்றுக்கு மீண்டும் பிரயாணம் செய்யும்போது, புதிதாக எழுந்த மாடமாளிகைகளைக் கண்டு வியப்பதைக் காட்டிலும், அந்நகரத்தார் எதை இழக்க மனமின்றிக் காத்து வருகிறார்கள் என்று விசாரிப்பதே பிரயோஜனமுள்ள காரியம் என்பது என் அபிப்பிராயம்.

ரஜூலா கப்பலிலும், பின்னர் எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் நம் ஜனங்கள் போய் இறங்கிய சிங்கப்பூரில், நான் முன்பு கண்டவற்றுள் பல இன்று இல்லை. ஸ்டாம்ஃபோர்டு சாலையில் 1960இல் திறக்கப்பட்ட செங்கல் நிறத் தேசிய நூலகம், வாசகர்கள் மனம் வருந்தி முறையிட்டும், சுரங்கச் சாலைக்காக 2004இல் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. அது தவறு என்றே சொல்வேன். தஞ்சோங் பகார் நிலையத்தில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றது. கட்டடமாவது தேசியச் சின்னமாக நிற்கிறது.

விருத்தாசலத்துக்காரனாகிய நான் இம்முறை தேடிப் போனது, ஜாலான் பஹாருக்கு அருகே தௌ குவாங் மட்பாண்டக் கூடத்தில் உள்ள, 1940இல் கட்டப்பட்ட டிராகன் சூளையை. சரிவான நிலத்தில் 27 மீட்டர் நீளத்துக்குச் செங்கல் வளைவாகப் படுத்திருக்கும் அச்சூளையின் கீழ்முனையில் மூட்டும் தீ தானே மேலேறிச் செல்ல, பக்கத் துளைகளின் வழியே விறகைச் செருகிக்கொண்டே வருகிறார்கள். சாம்பல் பாண்டங்களின் மேல் படிந்து, உருகி, மெருகாகிறது. எதற்கு எந்த வர்ணம் வாய்க்கும் என்பதைச் சூளை திறக்கும்வரை வனைந்தவரும் அறியார். இத்தகைய சூளைகளில்தான் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களில் பால் வடியும் கிண்ணங்களாகிய மங்குகள் வெந்தன. விடியுமுன் எழுந்து மரம் சீவிய நம் தமிழ் ஆண்களும் பெண்களும் கையாண்ட மங்குகளில் சில இந்த நெருப்பில் பிறந்தவையாக இருக்கக்கூடும் என்று எண்ணியபோது, இது அயலார் சூளை என்ற நினைவே என்னை விட்டு அகன்றது.

மங்குக்கு இன்று தேவை இல்லை. ஆயினும் அச்சூளை அணையவில்லை. கலைஞர்களும் மாணவர்களும் தாங்கள் வனைந்தவற்றைக் கொண்டுவந்து அடுக்க, அவ்வப்போது தீ மூட்டப்படுகிறது. அத்தீவில் எஞ்சியவை இதுவும், 1958இல் எழுந்த குவான் ஹுவாட் சூளையுமாக இரண்டே.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேல் கிடந்த களிமண்ணை இன்சுலேட்டராகவும், ஃபியூஸ் கட்டையாகவும், ஊறுகாய் ஜாடியாகவும், பொம்மையாகவும், கார்த்திகை அகலாகவும் ஆக்கிக் கீர்த்தி பெற்றது நம் ஊராகிய விருத்தாசலம். குஜராத்தின் மோர்பி நகரத்து எரிவாயுச் சூளைகளோடு விலையில் போட்டியிட நம் ஊர்ச் சிறு பட்டறைகளால் இயலவில்லை என்பது உண்மையே. அதற்குப் பரிகாரம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. ஆனால் தீயின் நிறத்தைப் பார்த்தே சூட்டின் அளவைச் சொல்லும் முதியவர்களின் ஞானம் அவர்களோடு மறைவதைத் தடுக்க மானியமோ பெரும் மூலதனமோ வேண்டியதில்லை.

ஆகையால், பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியை நடத்துவோருக்கும் தொழிற்பேட்டையின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பழைய முறையில் விறகிட்டு எரிக்கும் சூளை ஒன்றை ஊரில் நிலைநிறுத்தி, ஆண்டுதோறும் கார்த்திகைக்கு முன் அதை மூட்டி, முதியவர்களை ஊதியம் கொடுத்து அழைத்து, அவர்களருகில் நின்று மாணவர்கள் அடுக்கவும் எரிக்கவும் பழகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அதை வரும் கார்த்திகைக்கே தொடங்குங்கள்.