காயலான் கடைக்குப் போகுமுன்...



உங்கள் தெருவில் எங்காவது, வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்கிறதா? டயர்களில் காற்று இறங்கியிருக்கும். சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருக்கும். அது ஓர் அம்பாசிடராக இருக்கலாம், பியட்டாக இருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவும் இருக்கலாம். அந்தக் காரைப் பற்றிப் பெரியவர்கள் இரண்டு யோசனைகளில் ஒன்றைத்தான் சொல்வார்கள். "காயலான் கடையில் போட்டுவிடு" என்பது ஒன்று. "அந்த என்ஜினைத் தூக்கிவிட்டு வேறு என்ஜின் மாட்டு" என்பது மற்றொன்று.

இரண்டுமே வீண் செயல் என்பது என் கருத்து. அந்த என்ஜினை வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும். அந்த வேலையில் உங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிச் சென்றால் குத்தம்பாக்கம் வரும். அதை மையமாக வைத்து 30 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரையுங்கள். வட்டத்தின் தெற்குப் பகுதியில் வண்டலூர் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை அதன் அருகேதான் இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார்கள் அங்கிருந்துதான் வெளிவந்தன. கிழக்கே பாடி. 1961-இல் அங்கே தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். ஆலை கார்களுக்கான ஸ்டார்ட்டர், டைனமோ போன்ற மின்சாதனங்களைச் செய்தது. அடுத்த ஆண்டே பிரேக்ஸ் இந்தியா வந்தது. இன்னும் சற்றுக் கிழக்கே செம்பியம்; அங்கே 1949 முதல் இந்தியா பிஸ்டன்ஸ். வடக்கே ஆவடியில் டாங்கிகளே செய்தார்கள். நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எண்ணற்ற லேத் பட்டறைகள். ஆக, அந்த மரத்தடிக் கார் எங்கோ சீமையில் பிறந்த அதிசயப் பொருள் அன்று. அதன் உறுப்புகளில் பல, நீங்கள் பேருந்தில் போய் வரக்கூடிய தொலைவில் கடைந்து எடுக்கப்பட்டவை. வண்டலூர் ஆலை 1980-களின் இறுதியில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கார்கள் மட்டும் ஆங்காங்கே மிஞ்சியிருக்கின்றன.

ஹெரால்டை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் முன்பகுதி முழுவதும், மட்காடுகளோடு சேர்ந்து, முன்னோக்கி ஒரே மூடியாகத் திறந்துகொள்ளும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் வேலை பார்க்கலாம்! மாணவர்களுக்காகவே செய்தது போன்ற கார் அது.

என்ஜினின் கணக்கையும் பாருங்கள். உருளைகள் நான்கு. ஒவ்வொன்றின் விட்டம் 63 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 76 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுக்கான சூத்திரம் உங்களுக்குத் தெரியும். போட்டுப் பாருங்கள், நான்கு உருளைகளுக்கும் சேர்த்து 948 கன சென்டிமீட்டர் வரும். "948 சி.சி." என்று விளம்பரத்தில் போட்டார்களே, அது இதுதான். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 50 முறை மேலேறி இறங்குகிறது. நான்கு உருளைகளிலும் சேர்த்து வினாடிக்கு 100 தீப்பொறிகள் வெடிக்கின்றன. அத்தனை பொறிகளையும் நேரம் தவறாமல் பங்கிட்டுக் கொடுப்பது, சுழலும் ஒரு சிறு கையும் திறந்து மூடும் ஒரு ஜோடி முனைகளுமே. கணிப்பொறி எதுவும் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருவோம். பழுதுபார்ப்பது என்றால் ஸ்பானரை எடுத்துத் திருகுவது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மெக்கானிக் ஸ்பானரைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் புகையைப் பார்ப்பார். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சூடான பிறகும் வெண்புகை விடாமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உருளைக்குள் கசிகிறதோ என்று சந்தேகப்படுவார். பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்து, அவற்றின் நுனி நிறத்தை ஒப்பிடுவார்.

அடுத்துச் செய்யும் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிளக் இருந்த துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சில சுற்றுகள் சுற்றி, ஒவ்வோர் உருளையிலும் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளப்பார்கள். ஓர் எடுத்துக்காட்டாக, மூன்று உருளைகளில் 120 பவுண்டு அழுத்தமும், மூன்றாம் எண் உருளையில் மட்டும் 70 பவுண்டும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உருளையில் எங்கோ காற்று ஒழுகுகிறது. எங்கே? பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் வழியாகவா, மேலே உள்ள வால்வுகள் வழியாகவா? என்ஜினைப் பிரிக்காமலே இதற்கு விடை காண முடியும். பிளக் துளை வழியாக ஒரு மேசைக்கரண்டி என்ஜின் எண்ணெயை ஊற்றி மறுபடி அளவு பாருங்கள். எண்ணெய் பிஸ்டனின் மேல் பரவி ரிங்கின் இடுக்குகளைத் தற்காலிகமாக அடைக்கும். வால்வை அதனால் அடைக்க முடியாது. ஆகவே அழுத்தம் 110-க்கு ஏறினால் குற்றவாளி ரிங். 70-இலேயே நின்றால் சந்தேகம் வால்வின் மேல் திரும்புகிறது. அடுத்தடுத்த இரண்டு உருளைகளும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்துபோயிருக்கக்கூடும்.

கவனித்தீர்களா? ஒரு கேள்வி, இரண்டு கருதுகோள்கள், அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு சோதனை. நம் பள்ளிச் செய்முறை வகுப்புகளில் விடை முன்பே தெரிந்த சோதனைகளைத்தான் செய்கிறோம். மதிப்பு சரியாக வராவிட்டால் பக்கத்து மாணவனின் ஏட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறோம். இல்லையென்று சொல்லுங்கள் பார்க்கலாம்! மரத்தடிக் காரின் மூன்றாம் உருளையில் என்ன கோளாறு என்பது எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை. உங்கள் ஆசிரியருக்கும் தெரியாது.

இன்னொரு சோதனைக்கு அழுத்தமானிகூட வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்த பிறகு செய்வது. உருளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் அதிகம், எண்ணெயோ குறைவு. எனவே அங்கேதான் தேய்மானம் மிகுதி. உருளையின் அடிப்பகுதி ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். பிஸ்டன் ரிங் ஒன்றை மட்டும் அடிப்பகுதியில் நேராக வைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். பிறகு மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளங்கள். கீழே 0.25 மில்லிமீட்டர், மேலே 0.88 என்று வந்தால் வித்தியாசம் 0.63. இடைவெளி என்பது சுற்றளவின் ஒரு பகுதி அல்லவா? அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. அவ்வளவு தேய்ந்த உருளைக்குப் புது ரிங் மட்டும் போடுவதில் பயனில்லை. போரிங் போட வேண்டிய நிலை. ஒரு தலைமுடியின் இரண்டு மூன்று மடங்குத் தடிமனை, சில நூறு ரூபாய்க் கருவியாலும் பள்ளிக் கணிதத்தாலும் கண்டுபிடித்துவிட்டீர்கள்!

வீட்டில் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போரிங் போடுவது, கிராங்க் தண்டைக் கடைவது ஆகியவற்றுக்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கை அம்பத்தூரில் இன்னும் இருக்கிறது. பழைய வண்டிகள் குறையக் குறைய அந்த வேலையும் குறையும். பிரிப்பது, கழுவுவது, அளப்பது, வால்வைத் தேய்த்து உட்காரவைப்பது, கேஸ்கட் மாற்றுவது, கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது, மீண்டும் பூட்டுவது ஆகியவை வீட்டு வேலைகள். ஓர் அட்டையில் எட்டுத் துளைகள் போட்டு எண்ணிட்டு, எட்டு புஷ் ராடுகளையும் அதனதன் துளையில் செருகிவைக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால், பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள்.

பழைய என்ஜின் வேதியியலும் கற்பிக்கும். முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். அது எரிந்து வால்வு உட்காரும் வார்ப்பிரும்பு விளிம்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடான வால்வு அதை அரிக்காமல் காத்தது. ஆனால் அதே ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியது மிக நல்ல செயல். பழைய கார் பிரியர்கள் யாரும் அதற்காக வருந்தக்கூடாது. பட்டறையில் கெட்டியான எஃகு வளையம் பதித்தால் வால்வுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும். இப்போது புதிய சிக்கல் எத்தனால். 2025-இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கை நாடு எட்டியது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய கார்புரேட்டரின் ஜெட் துளைக்கு இந்த மாற்றம் தெரியாது. அது பழைய கணக்குப்படியே எரிபொருள் விட, காற்று மிகுந்துபோகிறது. பெட்ரோல் பம்பின் பழைய ரப்பர்த் திரையையும் எத்தனால் கெடுக்கும். ஏற்ற ரப்பரும் சற்றே பெரிய ஜெட்டும் போடுவது வழி.

"மின்சாரக் கார் வந்துவிட்டது. குத்தம்பாக்கத்தைத் தாண்டி அதே நெடுஞ்சாலையில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் புதுக் கார்கள் செய்கிறார்கள். செத்துக்கொண்டிருக்கும் என்ஜினைக் கற்று என்ன பயன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புதிய காரில் கோளாறு வந்தால் ஒரு கருவியைச் செருகுகிறார்கள். திரையில் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிந்தனையை வேறு யாரோ செய்து முடித்துவிட்டார்கள். நாளைக்கு அந்தக் கருவியையே வடிவமைக்கப் போகிறவர் யார்? கோளாற்றைத் தானே துப்பறிந்து பழகியவர்தான் அதற்குத் தகுதியானவர் என்பேன். ஜி. டி. நாயுடுவைப் பாருங்கள். இளமையில் உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர், பின்னர் கோவையின் தொழில் வரலாற்றையே மாற்றினார்.

வேறு என்ஜின் மாட்டும் யோசனைக்கு ஒரு வார்த்தை. டீசல் மலிவாக இருந்த காலத்தில் எத்தனையோ நல்ல பெட்ரோல் கார்களின் வயிற்றைக் கிழித்து டீசல் என்ஜினைத் திணித்தார்கள். அப்போது அது சிக்கனமாகத் தெரிந்தது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, உடலிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியே விண்டேஜ் வாகனமாகப் பதிவு பெற முடியும். அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனி எண் தருகிறார்கள். கடைசியாக விற்ற ஹெரால்டுகூட இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது. என்ஜினை மாற்றியவர்கள் இந்தத் தகுதியை இழக்கிறார்கள்.

பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சமையலறை அடுப்பு வரை போகும். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட்டினால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. வடித்த கறுப்பு எண்ணெயைத் தோட்டத்திலோ சாக்கடையிலோ ஊற்றவே ஊற்றாதீர்கள். டப்பாவில் பிடித்துவைத்து, கழிவு எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள். குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கம் ஏரி. சென்னை குடிப்பது அந்தத் தண்ணீரை.

வீட்டில் பழைய கார் இல்லாதவர்கள் என்ன செய்வது? உங்கள் தலைமையாசிரியரிடம் போய், பள்ளிக்கு ஒரு பழைய என்ஜின் வேண்டும் என்று கேளுங்கள். ஓட வேண்டியதில்லை, ஒரு உருளைத் தொகுதி, ஒரு ஹெட், நான்கு பிஸ்டன்கள் போதும். சென்னை புதுப்பேட்டையில் பழைய உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. வாங்கும்போது நன்றாகத் தேய்ந்த உருளையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். புதியதில் அளந்து கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது.