மேக்னா தடைக்காலம்: அரிசி மட்டும் போதுமா?

பங்களாதேஷின் மேக்னா நதியில், சாந்த்பூர் முதல் லக்ஷ்மிபூர் வரை சுமார் 100 கிலோமீற்றருக்கு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மீன்பிடிக்கத் தடை. ஹில்சா குஞ்சுகள் ஆற்றில் வளரும் காலம் இது. 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குஞ்சுகளை அள்ளினால் நாளை பெரிய மீன் கிடைக்காது. ஆகவே தடை சரியானதே என்பது எனது நிலைப்பாடு.

ஆனால் அதன் சுமையைத் தாங்குவது யார்? பதிவு செய்த மீனவக் குடும்பத்துக்கு அரசு மாதம் 40 கிலோ அரிசி ஒதுக்குகிறது. அரிசி பசியைத் தணிக்கும். வியாபாரியிடம் முற்பணமாக வாங்கிய 'தாதன்' கடனை அடைக்காது. இரவில் களவாக வலை வீசுபவரைச் சிறையில் அடைக்குமுன், அவரை ஆற்றுக்குத் துரத்துவது எதுவென்று பார்க்க வேண்டும். தடைக்காலத்தில் கடன் தவணைகளையும் நிறுத்தி வைக்கட்டும். அப்போதுதான் மீன்குஞ்சும் தப்பும், மீனவன் குடும்பமும் தப்பும் என நம்புகிறேன்.