எல்லா மண்ணுக்கும் ஒரே எல்லையா?

மண் ஈரப்பத உணரியைப் பொருத்தி, 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓடட்டும் என்று எல்லா வயலுக்கும் ஒரே எல்லை வைப்பது பயிருக்கும் நீருக்கும் கேடு. கோவில்பட்டிக் கரிசலில் 20 சதவீத ஈரம் இருந்தும் பயிர் வாடலாம்; களித்துகள்கள் அந்த நீரை வேர் உறிஞ்ச முடியாதபடி இறுகப் பிடித்துக்கொள்ளும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலோ, வடிந்தது போகத் தங்குவதே ஏறத்தாழ 10 சதவீதம்தான். அங்கே 20 என்று வைத்தால் மோட்டார் நிற்காது. போட்ட தழைச்சத்தும் வேருக்குக் கீழே போய்விடும். நன்கு பாய்ச்சி, வடிந்தபின் அந்தந்த வயலில் உணரி காட்டும் அளவே மேல் எல்லை. அதற்கும் பயிர் வாடும் நிலைக்கும் இடைப்பட்ட நீரில் ஏறக்குறையப் பாதி தீர்ந்ததும் பாய்ச்சுவது பல பயிர்களுக்குப் பொருந்தும்.

மண்ணைக் கையால் பிடித்துப் பார்த்தாலே போதாதா என்பார்கள். மேல்மண்ணுக்கு அது சரி, ஓரடி ஆழத்து வேர்ப்பகுதிக்குப் போதாது. உணரியின் விலை அதிகம் என்பதும் முழு உண்மையல்ல. ஈரத்தை வண்ண விளக்குகளால் காட்டும் எளிய கைக்கருவியைக் கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. கரிசல் வெடிக்கும்போது உணரியின் கம்பியைச் சுற்றிக் காற்று புகுந்து அளவு பொய்யாகக் குறையும் என்ற ஆட்சேபம் மட்டும் கனமானது. அதனால்தான் ஈரமிருக்கையிலேயே இடைவெளியின்றி உணரியைப் பதிக்கவும், வெடிப்பு கண்டால் இடம் மாற்றவும் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டும். சொட்டுநீருக்கு மானியம் தரும் அரசு, மண்வகைக்கேற்ற எல்லையை வயலிலேயே குறித்துத் தரும் பணியையும் அதோடு சேர்க்கட்டும்.