வரவு செலவில் நம் தெரு எங்கே?

ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவர் யார் என்று கேட்டால், தலைவர் என்பார்கள் சிலர், பி.டி.ஓ. என்பார்கள் பலர். சட்டம் சொல்வது வேறு. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 3-வது பிரிவில் அந்தப் பொறுப்பைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. கிராமத் திட்டத்துக்கு ஒப்புதல், வரவு செலவுக்கு ஒப்புதல், தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல், நடக்கும் பணிகளைச் சரிபார்த்தல் என நான்கும் அதன் வேலை. கிராம சபை என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும்தான். ஊர்த்தெருவில் இருப்பவருக்கு என்ன உரிமையோ அதே உரிமை காலனியில் இருப்பவருக்கும் உண்டு.

திண்டுக்கல் மாவட்டத்தில் 306 ஊராட்சிகள் இருக்கின்றன. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் பட்டியலின மக்கள். ஆனால் கிராம சபையில் வாசிக்கப்படும் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். சாலைப் பணிக்கு இவ்வளவு, குடிநீர்ப் பணிக்கு இவ்வளவு, தெருவிளக்குப் பராமரிப்புக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகைதான் காதில் விழும். அதில் ஊருக்கு எவ்வளவு, காலனிக்கு எவ்வளவு என்ற விவரம் வராது. வாசித்து முடித்ததும் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக் கூட்டத்தை முடித்துவிடுவார்கள்.

நாம் கேட்பது ஒன்றுதான். வரவு செலவுத் திட்டத்தை வாக்காளர் முன் வைக்கும்போது, அதைத் தெருவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். தேவை எங்கே அதிகமோ அங்கே பணம் முதலில் போக வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், மக்களிடம் கேட்டுத்தான் செய்தோம் என்ற பெயரில் பழைய கதையே தொடரும்.

தலைவர் இல்லாத ஊராட்சி

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. இது முதல் முறையும் அல்ல. 2016 அக்டோபரிலிருந்து 2019 வரையிலும் ஊராட்சிகள் இப்படித்தான் இருந்தன. இட ஒதுக்கீட்டில் நம்மவர் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரும் வாய்ப்பும் அந்தக் காலங்களில் கிடையாது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத நாளிலும் வாக்காளர் நேரடியாகக் கணக்குக் கேட்கக்கூடிய ஒரே இடம் கிராம சபை.

முன்பு இந்தக் கூட்டத்துக்குத் தண்டோரா போட்டவர் நம் தெருக்காரர். ஊரையே கூட்டத்துக்கு அழைத்தவருக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார இடம் இருந்ததா, பேச வாய்ப்பு இருந்ததா என்பது நாம் அறிந்த கதை. தண்டோரா வழக்கம் இனி வேண்டாம் என்று 2022 ஆகஸ்டில் அரசு உத்தரவிட்டது. பறையடித்து அறிவிக்கும் வேலை போனது நல்லது. அறிவிப்பு காலனிக்கு வந்து சேராமல் போவது மட்டும் நல்லதல்ல. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குள் சுற்றுகிறவர்கள் காலனி முனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனால், அதையும் புகாராக எழுத வேண்டும்.

கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். 3,000 பேர் உள்ள ஓர் ஊராட்சியில் காலனியிலிருந்து 60 பேர் போனால், 100 பேர் கூடும் அந்தக் கூட்டத்தில் நாம் சிறுபான்மை இல்லை.

நகரத்துக்கும் சபை உண்டு

கிராம சபை கிராமத்துக்கு மட்டும்தானே என்று திண்டுக்கல் நகரவாசிகள் நினைக்க வேண்டாம். 1866-இல் நகராட்சியான திண்டுக்கல், 2014-இல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி ஆன இரண்டே ஆண்டில், 2016 அக்டோபரில், மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகரின் பணம் எதற்குப் போகிறது என்று கேட்க 48 வார்டுகளிலும் ஓர் உறுப்பினர்கூட இல்லை.

அதே 2022-இல் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் வந்தன. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டு விதிகள் சிறு நகரங்களுக்கும் அதைக் கொண்டுவந்தன. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் தொடங்கின. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என ஆண்டுக்கு நான்கு நாட்கள் அதற்குக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். அன்று காலையில் சிலைக்கு மாலை போடும் நம் இளைஞர்கள், பகுதி சபை எங்கே நடக்கிறது என்று விசாரித்து அங்கேயும் போக வேண்டும்.

நகரத்துக் கணக்கில் நாம் கேட்க நிறைய இருக்கிறது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நகருக்கு வருகிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை என்ற அட்டவணை வார்டு வார்டாக வெளியே வர வேண்டும். அடுத்தது தூய்மைப் பணி. குப்பை அள்ளுவோரிலும் சாக்கடை எடுப்போரிலும் பெரும்பாலோர் நம் மக்கள். 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் இந்த வேலைகளைத் தனியார் மூலம் ஆள் எடுத்துச் செய்ய வழி திறந்துவிட்டது. வரவு செலவு அறிக்கையில் அது 'திடக்கழிவு மேலாண்மை' என்ற ஒரே வரி. அந்த வரியில் ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு, தொழிலாளி கைக்கு எவ்வளவு, பி.எஃப். கட்டப்பட்டதா, கையுறையும் காலணியும் வாங்க எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். இதைக் கேட்கத் தொழிற்சங்கம் மட்டும் போதாது. அந்த வார்டின் வாக்காளர்கள் கேட்க வேண்டும்.

கை தூக்கினால் போதுமா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். கிராமத்தில் பெரும்பான்மை யாரோ அவர்கள் பக்கம்தானே தீர்மானம் போகும்? மக்களிடம் கேட்டு முடிவெடுப்பது ஐந்தில் ஒருவராக இருக்கும் நமக்கு எப்படி உதவும்?

இந்தச் சந்தேகம் அம்பேத்கருக்கும் இருந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமத்தை அடிப்படை அலகாக வைக்க வேண்டும் என்றவர்களை அவர் கடுமையாக மறுத்தார். அவருக்கு ஓர் உள்ளாட்சித் தீர்மானத்தின் கதி நேரில் தெரியும். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டசபை 1923-இல் தீர்மானித்தது. அதையொட்டி மகாத் நகராட்சி 1924-இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. மூன்று ஆண்டுகள் அந்தத் தீர்மானம் நோட்டில்தான் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்து போய்த் தண்ணீரைக் குடித்த பிறகுதான் அது உயிர் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. வழக்கு நடந்து 1937-இல்தான் உயர் நீதிமன்றத்தில் வென்றோம். நம் மாகாணத்திலும் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அது நடைமுறைக்கு வர எத்தனை காலம் ஆயிற்று என்பதை நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும்.

பக்கத்து மதுரை மாவட்டத்தில் மேலவளவு இருக்கிறது. தனித் தொகுதியான அந்த ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் நம்மவர் தலைவராக அமர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். உள்ளாட்சி அதிகாரம் நம் கைக்கு எளிதில் வந்ததில்லை.

அதனால்தான் வெறும் கை எண்ணிக்கையை நாம் நம்பவில்லை. இதற்கு வழி கண்ட ஊர்கள் உண்டு. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் நகராட்சி பட்ஜெட்டை மக்கள் கூட்டங்களின் முன் வைத்தது. கூட்டத்தில் அதிகம் பேர் கை தூக்கிய வட்டாரத்துக்கே எல்லாப் பணமும் என்று அவர்கள் விடவில்லை. குடிநீர், சாக்கடை, சாலை எங்கே குறைவாக இருக்கிறதோ அந்த வட்டாரத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். மக்கள் தொகைக்கும் மக்கள் சொன்ன முன்னுரிமைக்கும் மதிப்பெண் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டித்தான் பணத்தைப் பிரித்தார்கள்.

பக்கத்துக் கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. பட்டியலின மக்களுக்கான சிறப்பு நிதியிலும் ஒரு பெரும் பகுதி அதனோடு சேர்ந்து உள்ளாட்சிக்குப் போனது. பழங்குடி மக்கள் தங்கள் குடியிருப்பிலேயே தனியாகக் கூடிப் பேச 'ஊருக்கூட்டம்' அங்கே இருக்கிறது. வேலை கொடுக்கும் நிலக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும் சபையில் கூலித் தொழிலாளி வாய் திறப்பது கடினம். முதலில் தம் தெருவில் கூடிப் பேசி முடிவெடுத்தால், அந்த முடிவை சபையில் வாசிப்பது எளிது.

பிரித்துப் பேசுவது யார்?

ஊர், காலனி என்று கணக்கைப் பிரித்தால் ஒற்றுமை கெடும் என்று சிலர் சொல்வார்கள். மயானப் பாதை பிரிந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி பிரிந்திருக்கிறது. இவை எல்லாம் பிரிந்திருக்கும்போது கணக்கு மட்டும் ஒன்றாக இருந்தால், யாருக்குக் குறைந்தது என்பது மறைந்துபோகும். குறை எங்கே என்று எழுதிக் காட்டினால்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

நிதி நிபந்தனையோடு வருகிறது, எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று அலுவலர்கள் சொல்வதுண்டு. 15-வது மத்திய நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. காலனியில் குறைந்திருப்பவை இந்த இரண்டும்தான். நிபந்தனை நமக்கு எதிரானது இல்லை.

மேலேயும் இதே கேள்விதான். பட்டியலின மக்களின் தொகைக்கு ஏற்ற பங்கைத் தனியே ஒதுக்கும் துணைத் திட்டம் 1979-80-இலிருந்து இருக்கிறது. அதில் ஒரு பகுதியை மகளிர் உரிமைத் தொகைக்குக் கணக்குக் காட்டியதாக எழுந்த புகாரில், 2023-இல் தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. பிறகு 2024-இல் இந்த நிதிக்கென்றே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குடியிருப்புகளை மேம்படுத்த ஐந்தாண்டில் 1,000 கோடி ரூபாய் என்று அயோத்திதாசப் பண்டிதர் பெயரிலும் ஒரு திட்டம் இருக்கிறது. சென்னையில் பங்கு ஒதுக்கியது உண்மையென்றால், அது நம் தெருவுக்கு வந்ததையும் காட்ட வேண்டும். அதைக் காட்டும் இடம் கிராம சபையும் பகுதி சபையும்தான்.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வரவு செலவு விவரத்தைக் குடியிருப்பு வாரியாக எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் காலனியிலும் ஒட்ட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு காலனியிலும் முன்கூட்டம் நடக்க வேண்டும். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் அதில் முதலில் பேச வேண்டும். மூன்றாவது, குடிநீர், சாக்கடை, சாலை, விளக்கு, மயானப் பாதை ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் மதிப்பெண் போட்டு, குறைந்த தெருவுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். நான்காவது, தீர்மான நகலை அன்றே கொடுக்க வேண்டும்.

காலமும் முக்கியம். ஜனவரி 25 பகுதி சபை, மறுநாள் ஜனவரி 26 கிராம சபை. வரவு செலவுத் திட்டம் தயாராகும் பருவம் அது. மார்ச் 22 அன்று மீண்டும் ஒரு கிராம சபை. ஏப்ரலில் போய்க் கேட்டால், பணம் ஒதுக்கியாகிவிட்டது என்பதுதான் பதிலாக வரும்.

மாணவர்களுக்கு இதில் தனி வேலை இருக்கிறது. காந்திகிராமத்திலும் திண்டுக்கல் கல்லூரிகளிலும் படிக்கும் நம் பிள்ளைகளின் கையில் செல்போன் இருக்கிறது. இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஊராட்சியின் பெயரைக் கொடுத்தால் அந்த ஆண்டின் திட்டப் பணிகளும் செலவும் வரும். அதை ஒரு தாளில் எழுதி, எந்தப் பணி எந்தத் தெருவில் என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். தளத்தில் இல்லாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். படிக்கத் தெரியாத நம் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் அந்தத் தாளை வாசித்துக் காட்டி, அடுத்த சபைக்குக் கையோடு அழைத்துப் போக வேண்டும்.

அங்கே நீண்ட உரை எதுவும் தேவையில்லை. அலுவலர் கணக்கு வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து, "இதில் எங்கள் தெருவுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் போதும். பதில் வரும்வரை மற்றவர்கள் கையெழுத்துப் போடாமல் இருக்க வேண்டும். கேட்ட கேள்வியும் வந்த பதிலும் தீர்மான நோட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.