கண்புரை: கட்டு அவிழ்த்த பிறகும் கவனம் வேண்டும்

திருப்பத்தூர் வட்டாரத்தில் 'புரை முத்தட்டும்' என்று காத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. அன்றாட வேலைக்குப் பார்வை தடையானாலே அறுவை செய்துகொள்ளலாம். முற்றிய புரையை அகற்றுவதுதான் கடினம்.

செலவும் முன்போல் மலைப்பூட்டுவதில்லை. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற தன் தயாரிப்புப் பிரிவு மூலம் உள்விழி லென்ஸை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. விலை வெகுவாகக் குறைந்தது.

கட்டு அவிழ்த்ததும் எல்லாம் முடிந்ததாக நினைப்பதுதான் ஆபத்து. லேசான உறுத்தலும் கூச்சமும் சில நாள் இருக்கும். ஆனால் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குள் தொற்று புகுந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். 2008-இல் விழுப்புரம் மாவட்டத்தில் இலவச முகாம் வழியாக அறுவை செய்துகொண்ட 66 பேர் பார்வை இழந்ததை மறக்க முடியுமா? முகாம் நடத்துவோர் மறுபரிசோதனைக்கு அழைத்துவரும் பொறுப்பையும் ஏற்றே ஆக வேண்டும்.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி மங்கினால், புரை திரும்பிவிட்டதாகக் கலங்க வேண்டாம். லென்ஸைத் தாங்கும் சவ்வு மங்கியிருக்கலாம். யாக் லேசர் சில நிமிடங்களில் சரிசெய்துவிடும். படிக்கக் கண்ணாடி பலருக்குத் தேவைப்படும். சொட்டு மருந்தை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.